மரை

கையுறை போட்டுத்தான் திறந்தேன்.
மூடியைத் தூக்கியதும் கழற்றி வைத்துவிட்டேன்.
இதற்கு விரல் வேண்டும்.

தாருகானாத் தகரத்தில் ஜூலை மழை.
வெளியே, உடைத்த கப்பல்களின் நங்கூரங்கள்
விலைச்சீட்டோடு நனைகின்றன.
உள்ளே, சாக்கு விரித்த மேசையில்
பிரமிளா தாண்டேலின் பதினைந்து குதிரை மோட்டார்.
"நாரளி பௌர்ணமிக்குள் வேணும்" என்றாள்.
"போன தடவை ஒருத்தன் நாலாயிரம் வாங்கினான்.
ஒரு மணி நேரம் ஓடியது."

அவ்வளவு ஓடியதே பெரிது.

ஹெட்டில் ஆறு போல்ட்.
நாலுதான் அசல்.
ஐந்தாவது ஏதோ ஆட்டோரிக்‌ஷாவுடையது,
ஏறாத மரையில் அடித்து இறக்கியிருக்கிறான்.
ஆறாவது உள்ளேயே முறிந்து கிடக்க
மேலே எம்சீல் பூசி
அதன் மேலே கறுப்புப் பெயிண்ட்,
நல்ல பிள்ளை மாதிரி.

மரை கழன்றது போல்ட்டிலா, போட்டவன் மண்டையிலா
என்று தமிழில் திட்டினேன்.
இர்ஃபானுக்குப் புரியவில்லை,
ஆனாலும் சிரித்தான்.

புகைவாசலைப் பார்க்க வேண்டிய பிஸ்டன் அம்பு
எதிர்ச்சுவரைப் பார்த்து நிற்கிறது.
கேஸ்கெட்டுக்குப் பதில் அப்பிய சிலிக்கான்
தண்ணீர் போகும் வழிக்குள் பிதுங்கி
இறுகிப்போய்விட்டது.
பிளைவீலின் பிறைச்சாவி, அராவிய ஆணி.
அது நசுங்கியதும் பொறி முந்திக்கொண்டது.
பெட்ரோல் மேல் தப்பில்லை, பொறி மேல் தப்பில்லை,
சந்தித்த நேரம்தான் தப்பு.

யோசித்தால் எனக்கும் ஒரு போல்ட் இருக்கிறது.
மஸ்காவ், இருபத்திரண்டு வயது, சனிக்கிழமை சாயங்காலம்.
நானும் பெயிண்ட் அடித்துத்தான் அனுப்பினேன்.
எந்தப் படகு என்றுகூட நினைவில்லை.

அடிப்பகுதிக்கு இறங்கினால் அங்கே வேறொரு கை.
புரொப்பல்லர் நட்டில் பின் இல்லை.
பின் துளையில் செம்புக் கம்பி,
மூன்று புரி முறுக்கி,
வலை சிக்காதபடி
முனை இரண்டையும் உள்ளே மடக்கியிருந்தது.
இதுவும் ஒட்டுவேலைதான்.
ஆனால் எதையும் மூடி மறைக்கவில்லை.
வெட்ட எடுத்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தேன்.

"இது யார்?"

ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து டீ ஊதிக்கொண்டிருந்தவள்
"நான்தான்" என்றாள்.
"எலிஃபன்டாவுக்கு அந்தப் பக்கம், ராத்திரி.
அவன் பின்னே போடலை, நட்டு பாதி கழன்றாச்சு.
மோட்டாரைத் தூக்கிவிட்டு, கொழுந்தன் என் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான்.
கம்பிக்கு விளக்கோட ஒயரை உரிச்சேன்.
அப்புறம் ஆறவிட்டு, ஓட்டி, மறுபடி ஆறவிட்டு,
சிவ்ரி வரைக்கும் விளக்கே இல்லை.
கப்பல்காரன் எவனும் எங்களைப் பார்க்கலை.
நாங்கதான் கப்பலைப் பார்த்துப் பார்த்து வந்தோம்."

முறிந்த போல்ட்டுக்கு மூன்று நாள் போயிற்று.
சூடு காட்டி, எண்ணெய் விட்டு,
தட்டி, காத்திருந்து, தட்டி.
உப்புக்கு என்னைவிடப் பொறுமை.
நாலாம் நாள் 'டிக்' என்றது.
புது மரை வெட்டினேன்:
அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே,
பித்தளை நிறத்தில் சுருள் சுருளாக வரும் என்று நினைத்தால்
அலுமினியம், சாம்பல் தூள்தான்.

நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி மாட்டினோம்.
முதல் இழுப்பு, ஒன்றுமில்லை.
இரண்டாவதில் இர்ஃபானின் முழங்கை சுவரில் இடித்தது.
மூன்றாவதில் புகை, சத்தம், ஒரு பூனை ஓட்டம்.
மூவரும் பின்பக்கத்துச் சின்னத் துளையையே பார்க்கிறோம்.
வரவில்லை.
வரவில்லை.
நான் சுவிட்சுக்குக் கை நீட்டும்போது
துரு, உப்பு, ஒரு சிலிக்கான் துணுக்கு,
பிறகு கைக்குழந்தை மூத்திரம் போல வளைந்து
ஒரே தாரை.
பிரமிளா விரலை நீட்டிச் சூடு பார்த்தாள்.
தலையை ஆட்டினாள்.

பணத்தை எண்ணி வைத்தபின்னும் போகவில்லை.
பழைய சாமான் தட்டைக் கிளறி
அந்தச் செம்புக் கம்பியை எடுத்தாள்.
புரி பிரித்து, பல்லால் நிமிர்த்தி,
முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"விளக்குக்கு வேணும்."